எல்லைக்கு அங்கால ஒரு கட்டில்

இருங்கோ பிள்ளை, இருங்கோ. பையை நான் மடியில வைக்கிறன். உள்ளுக்க பெரிசா ஒண்டுமில்லை. ஒரு போத்தில் தண்ணியும் கொஞ்சம் அவரைப் பூவும்.

நீங்கள் இப்ப போனில "சரியம்மா, சாப்பிட்டன், வைக்கிறன்" எண்டு சொன்னது காதில விழுந்தது. ஒட்டுக் கேக்கேல்லை. இந்த பஸ்ஸில தமிழ் கேட்டுப் பல வருசம், காது தானாத் திரும்பிப்போட்டுது. எங்க இறங்கிறியள்? ஆசுபத்திரியடியிலயோ? நேர்ஸ் எண்டு நினைச்சன், சப்பாத்தைப் பாக்கவே தெரியுது. நான் அதுக்கு முதல் தரிப்பு, சவக்காலையடி. வியாழனுக்கு வியாழன் போறனான். மனுசி அங்க இருக்கிறா.

இல்லையில்லை, நீங்கள் கவலைப்படாதைங்கோ. ஏப்ரலோட முடிஞ்ச கதை.

நான் வைத்திலிங்கம். உந்தத் தோர்ன்கம் ஊராக்களுக்கு அது வாயில வராது. மிஸ்டர் லிங்கம். நீங்கள் ஏறேக்க கண்டிருப்பியள், ஒரு கடை, ஒரு கோயில், ஒரு தண்ணிக்கடை, மிச்சமெல்லாம் செம்மறி. அந்தக் கடை என்ர கடை. லண்டனில பெற்றோல் செற்றில நிண்டு அலுத்துப்போய் வாங்கினது. இப்ப வித்தாச்சு. வீடு ஊரின்ர கடைசியில, ஆத்தங்கரையில. ஒற்றைத் தட்டு வீடு, பழசு. நடுவில ஒரு ஒடுங்கின பாதை, முன்கதவில இருந்து பின் யன்னல் வரைக்கும் நேரா ஓடும். அதுக்கு இடப்பக்கம் குசினி. வலப்பக்கம் படுக்கிற அறை. இதை ஞாபகம் வைச்சிருங்கோ. முழுக் கதையும் அந்தப் பாதைக்குள்ளதான் கிடக்கு.

எனக்குப் படிப்பெல்லாம் இரவுப் படிப்புத்தான். ஊரில பகல் முழுக்கச் சங்கக்கடையில அரிசி நிறுத்துப்போட்டு இரவில போய்ப் படிச்சனான். இஞ்ச வந்தும் அதே பழக்கம். கடை பூட்டின பிறகு செவ்வாய்க்கிழமையளில ரவுணுக்கு வந்து ஒரு வகுப்பு, பழைய கையெழுத்து வாசிக்கிற வகுப்பு. முந்நூறு வருசத்துக்கு முந்தின எழுத்து, கோழி கிண்டின மாதிரி இருக்கும். பன்னிரண்டு பேர் சேர்ந்தவை, கடைசி வரைக்கும் இருந்தது நானும் காது கேளாத ஒரு கிழவியும்.

பிறகு எங்கட ஊர்க் கோயில் பதிவுப் புத்தகங்களை எடுத்துக் கொம்பியூட்டரில ஏத்தத் துவங்கினன். ஆர் பிறந்தது, ஆர் ஆரைக் கட்டினது, ஆரைத் தாட்டது. ஒம்பது வருசம். ஒருத்தரும் கேக்கேல்லை, நானாத்தான் கேட்டு வாங்கினது. ஆயிரத்தெழுநூற்றுச் சொச்சத்தில ஒரு பாதிரியார் ஒரு பிள்ளைக்கு ரெண்டு தரம் ஞானஸ்நானம் எழுதி வைச்சிருக்கிறார். குடிச்சுப்போட்டு எழுதியிருப்பார். கண்டுபிடிச்சது நான். நான் பிழை விடுறதில்லை, பிள்ளை. அதுதான் என்ர பிரச்சினை எண்டு மலர் சொல்லுவா.

மலர் எண்டால் மனுசி, நேசமலர். அவ வேதக்காரி, கிறிஸ்தவம். நான் சைவம், ஆனால் கோயில் புத்தகத்தை அவவிலும் பாக்க நான்தான் கூடத் தொட்டிருப்பன்.

ஒருநாள் பழைய புத்தகம் ஒண்டின்ர கடைசித் தாளில ஒரு குறிப்பு அம்பிட்டுது. அந்தக் காலத்தில இவை வருசத்தில ஒருக்கா ஊர் எல்லையைச் சுத்தி ஊர்வலமா நடப்பினம். பாதிரியார் முன்னுக்கு, ஊர்ச்சனம் பின்னுக்கு. எல்லைக்கல் வந்தால் ஒரு பெடியனைத் தூக்கி அதில ஒரு முட்டு முட்டுவினம், ஆயுசுக்கும் ஞாபகம் இருக்கட்டாம் எண்டு. ஆயிரத்தெழுநூற்று நாற்பத்தொண்டாம் ஆண்டு ஊர்வலத்தைப் பாதிரியார் எழுதி வைச்சிருக்கிறார். பெரிய ஓக் மரத்தில இருந்து ஆறு வரைக்கும் வந்து, விதவை டான்ஸ்லி வீட்டுப் பின் யன்னலால உள்ளுக்க ஏறி, முன்கதவால வெளிக்கிட்டினமாம். அவ எல்லாருக்கும் பியர் குடுத்தவவாம்.

பின் யன்னலால ஏறி முன்கதவால வெளிக்கிடுறது! விளங்குதோ? அது என்ர வீடு, பிள்ளை. என்ர வீட்டுப் பாதைதான் எல்லை. குசினி தோர்ன்கம். படுக்கிற அறை பக்கத்து ஊர், பெக்ஸ்லோ.

எனக்கு அண்டைக்கு வந்த புளுகம், சந்தோசம்! எங்கட ஆக்களுக்கு எல்லை எண்டால் என்னெண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. என்ர ஐயா வேலியில நட்ட ஒரு பூவரசங் கதியாலுக்காகப் பதினாலு வருசம் வழக்காடினவர். கதியால் அங்கால நட்டதோ இஞ்சால நட்டதோ எண்டு. தீர்ப்பு எங்கட பக்கம் வந்தது. அதுக்குப் பிறகு சண்டையில வீடும் போச்சு, வேலியும் போச்சு. தீர்ப்புக் கடுதாசி மட்டும் இப்பவும் என்னட்டப் பத்திரமா இருக்கு.

மலருக்குச் சொன்னன். அவ உருளைக்கிழங்கு உரிச்சுக்கொண்டிருந்தா.

"இஞ்சேருங்கோ," எண்டா, "இருக்கிற எல்லையளால நாங்கள் பட்டது காணாதே? இல்லாத எல்லையை ஏன் தோண்டி எடுக்கிறியள்?"

"இல்லாத எல்லையில்லை மலர், எழுத்தில இருக்கு. நீர் இப்ப தோர்ன்கமில நிண்டு கிழங்கு உரிக்கிறீர்."

"உரிச்ச கிழங்கைப் பெக்ஸ்லோவில வைச்சுச் சாப்பிடலாமோ, இல்லாட்டி ஊரில மாதிரி ஆமியிட்டப் பாஸ் எடுக்கோணுமோ?"

அவவின்ர கதை எப்பவும் அப்பிடித்தான்.

ஊர் சஞ்சிகைக்கு ஒரு கட்டுரை எழுதினன். மண்டபத்தில படம் போட்டுக் காட்டி ஒரு பேச்சு. முப்பத்திநாலு பேர் வந்தவை. கோயில் பொறுப்பாளர் மிஸ்டர் பிளோவர், இளைப்பாறின வாத்தியார், அவர் எழும்பி நிண்டு கைதட்டினவர். அந்த மே மாசம் ஊர்வலத்தையும் திருப்பி நடத்தினம். முழு ஊரும் என்ர பின் யன்னலால ஏறிச்சுது, பிள்ளை! பிளோவருக்கு இடுப்புச் சிக்கி, ரெண்டு பேர் வெளியில இருந்து தள்ளினவை. பியருக்குப் பதிலா மலர் மீன் பற்றிஸும் றோல்ஸும் சுட்டு அடுக்கி வைச்சவ. ஒண்டும் மிஞ்சேல்லை. பாதை நெடுக நான் சோக்கால கோடு கீறி வைச்சனான். சனம் ஒரு காலை அங்கயும் ஒரு காலை இஞ்சயும் வைச்சுப் படமெடுத்துது. இருபது வருசம் கடையில நிண்டபோது வராத மரியாதை அண்டைக்கு வந்தது.

அதோட விட்டிருக்கலாம். ஆனால் பிஷப்பின்ர கந்தோர் மப்பில, அவையின்ர எல்லை வரைபடத்தில, எங்கட முழு வீடும் தோர்ன்கமுக்குள்ள கிடந்தது. பிழை பிழைதானே? எழுதிப்போட்டன், ஆதாரத்தோட. ஆறு மாசத்தால நன்றி சொல்லிக் கடிதம் வந்தது. மப்பைத் திருத்தியாச்சாம். வீட்டுக்குள்ளால எல்லை போனால், கட்டில் எங்க கிடந்தாலும், வீட்டின்ர படுக்கிற அறை எந்த ஊரோ, ஆள் அந்த ஊராம். ஆனபடியால் மிஸ்டர் லிங்கமும் மனைவியும் இண்டையில இருந்து பெக்ஸ்லோவைச் சேர்ந்தவர்கள். அந்தக் கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டினனான். இப்பவும் தொங்குது.

அதுக்கு அடுத்த வருசம் மலருக்கு வருத்தம் எண்டு கண்டுபிடிச்சினம். ஈரலில. உங்களுக்கு விளங்கும், நான் விளக்கத் தேவையில்லை.

அவ அழேல்லை. ஒண்டே ஒண்டுதான் கேட்டா. கோயில் வளவில, பள்ளிக்கூட மதிலோட ஒரு மூலை இருக்கு. அங்க தன்னைப் புதைக்கோணுமாம். "ஊரில ஆறு தரம் எழும்பி ஓடினனான்," எண்டா. "எழும்பு எண்டு ஒருத்தரும் சொல்லாத இடத்தில படுக்கோணும். அதுவும் ஆள் நடமாட்டமான இடமா இருக்கோணும். அந்த மூலையால நாயோட ஆரெண்டாலும் போகும். பெடி பெட்டையளின்ர சத்தம் கேக்கும்."

இந்த நாட்டில அதுக்குப் பெரிய பாடில்லை. ஊரில குடியிருந்தால் ஊர்க் கோயில் வளவில இடம் கேக்க உரிமை இருக்கு, எந்தச் சமயமெண்டாலும். ஆனால் வளவு நிரம்பிப்போச்சு. மிஞ்சிக் கிடந்தது பதினொரு இடம். அதால ஊரவைக்கு மட்டும்தான் எண்டு கோயில் சபை தீர்மானம் எழுதி வைச்சிருந்தது.

நாங்கள் பெக்ஸ்லோ.

பெக்ஸ்லோவில கோயில் இருந்தது, வித்துப்போட்டினம். இப்ப ஆரோ லண்டன்காரர் அதுக்குள்ள கட்டில் போட்டுப் படுக்கினம். பெக்ஸ்லோ ஆக்கள் செத்தால் ரவுண் சவக்காலைதான். நாலாயிரத்துச் சொச்சம் நம்பர், மோட்டர் றோட்டுச் சத்தம்.

பிளோவரிட்டப் போனன். மனுசன் முகத்தைத் தேய்ச்சுக்கொண்டு, "லிங்கம், நீங்கள் அந்தக் கடிதத்தைப் போடாமல் விட்டிருந்தால் ஆர் மப்பைப் பாக்கப் போகினம்?" எண்டார்.

"மப்புப் பிழையா இருந்தது," எண்டன்.

"ஓம், பிழையாத்தான் இருந்தது," எண்டார். அவ்வளவுதான். சபை விதியை மாத்த ஏலாதாம், ஒருத்தருக்கு மாத்தினால் வரிசையில இருபது பேர் நிக்கினமாம். விதிப்படி அவர் சொன்னது சரி. என்ர கட்டுரையை என்ர முகத்துக்கு நேர மடிச்சு வைச்சுக்கொண்டுதான் கதைச்சார்.

ரெண்டு நாளால போதகரம்மா வந்தவ. ஜில் எண்டு பேர், பொம்பிளைப் போதகர். எலுமிச்சம்பழ கேக் ஒண்டு கொண்டுவந்தவ. தந்துபோட்டு வாசலில நிண்டுகொண்டு, எனக்கில்லாமல் கதவுக்குச் சொல்லுற மாதிரிச் சொன்னா: "ஊருக்குள்ள குடியிருக்கிறவைக்கு உரிமை. ஊருக்குள்ள சாகிறவைக்கும் உரிமை. அதையும் விதியில எழுதியிருக்கு, மிஸ்டர் லிங்கம்."

எனக்கு உடனே விளங்கிச்சுது. புத்தகத்திலயே இருக்கு, ஆயிரத்தெழுநூற்று எண்பத்திமூண்டு சனவரியில. பேர் தெரியாத வழிப்போக்கன், பனிக்குள்ள விழுந்து செத்தவன், எல்லைக் கல்லில இருந்து நாற்பதடி இஞ்சால. அவனுக்கு இடம் குடுத்திருக்கினம். பேரில்லாதவனுக்கே இருக்கு!

அண்டைக்குப் பின்னேரமே மலரின்ர கட்டிலைக் கழட்டிக் குசினிக்குள்ள பூட்டினன். நாடா பிடிச்சு அளந்துதான் போட்டனான். எல்லையில இருந்து மூண்டடி உள்ளுக்க, தலைமாடு பிறிட்ஜ் பக்கம். மலர் கதிரையில இருந்து பாத்துக்கொண்டிருந்தா.

"நான் சாகப்போற இடத்தை அளந்து வைக்கிற முதல் மனுசன் நீங்கள்தான்," எண்டா. "மற்றவை சவப்பெட்டிக்குத்தான் அளப்பினம்."

"சும்மா இரும் மலர். உமக்காகத்தானே."

"ஓமோம், எனக்காகத்தான்."

ஏழு கிழமை குசினிக்குள்ள கிடந்தா. பிறிட்ஜ் உறுமும், கேத்தில் கூவும், கறி தாளிச்சால் இருமல் வரும். பிறகு நான் தாளிக்கிறதை விட்டிட்டன். பாக்க வாற நேர்ஸ் பிள்ளை, "ஏன் அங்கிள், அங்க நல்ல வெளிச்சமான அறை சும்மா கிடக்குது?" எண்டு கேட்டுது. எல்லையைப் பற்றி விளங்கப்படுத்தினன். பிள்ளை என்னை ஒரு மாதிரிப் பாத்திட்டுப் போட்டுது. வந்து போற ஊராக்களெல்லாம் சோக்குக் கோடு கிடந்த இடத்தை மிதிக்காமல் தாண்டித்தான் போவினம். பிளோவரும் செவ்வாய்க்குச் செவ்வாய் வந்து அவவோட சீட்டு விளையாடுவார். தோத்துத்தான் போவார்.

நான் அறையில படுத்தன். தனிய. ரெண்டு பேரும் ஒரு வீட்டில, ரெண்டு ஊரில. கூப்பிட்டால் கேக்கும் எண்டு ரெண்டு கதவையும் திறந்து வைப்பம். அவ கூப்பிடமாட்டா. "என்ன பெக்ஸ்லோ, நித்திரையோ?" எண்டு மட்டும் கேப்பா.

ஏப்ரல் பதின்மூண்டு, வியாழன். வெயில் எறிச்சுது. அறை யன்னலுக்கு வெளியில ஒரு பிளம் மரம் நிக்குது, அது முழுக்கப் பூத்திட்டுது எண்டு காலமை நான்தான் வாயைக் குடுத்தனான்.

"என்னை அந்த அறைக்குக் கொண்டுபோங்கோ," எண்டா.

"மலர், டொக்டர் என்ன சொன்னவர்? எந்த நேரமும்..."

"அரை மணித்தியாலம். பூவைப் பாத்திட்டு வாறன். என்ர கட்டிலில இல்லாட்டிலும் உங்கட கட்டிலில ஒருக்காக் கிடந்திட்டு வாறன்."

மூண்டு மணி பத்துக்குச் சில்லுக் கதிரையில வைச்சு உருட்டிக்கொண்டு போனன். பாதையைத் தாண்டேக்க அவ கையை மெல்ல உயத்தி, வாசலில நிக்கிற ஆமிக்காரனுக்குக் காட்டுற மாதிரி அடையாள அட்டை காட்டினா. வெறுங்கைதான். நான் சிரிச்சிட்டன். என்ர கட்டிலில கிடத்தினன். யன்னலைத் திறந்தன். கொஞ்ச நேரம் பாத்துக்கொண்டிருந்திட்டு, "உந்தக் கொப்பை வெட்டிப்போடாதைங்கோ, அது எங்கட பக்கம்தான்," எண்டா. பிறகு தேத்தண்ணி கேட்டா. இஞ்சி போட்டு.

நான் தோர்ன்கமில நிண்டு இஞ்சி தட்டிக்கொண்டிருந்தன். அவ பெக்ஸ்லோவில போயிட்டா.

ஓம். அந்தக் கேத்தில் கொதிக்கிற நேரத்துக்குள்ள.

நீங்கள் என்ன நினைக்கிறியள் எண்டு எனக்குத் தெரியும் பிள்ளை. மற்றக் கட்டில் பதினைஞ்சு அடியில. உருட்டிக்கொண்டு வந்து கிடத்தியிருக்கலாம். ஒருத்தரும் காணேல்லை. நானும் நிண்டு நிண்டு பாத்தன். அவ தலையை யன்னல் பக்கம் திருப்பி வைச்சிருந்தா. அசைக்க மனம் வரேல்லை. எழும்பு எண்டு சொல்லக்கூடாது எண்டு சொன்ன மனுசி எல்லோ.

டொக்டர் வந்து போன பிறகு போதகரம்மாவும் பிளோவரும் வந்தினம். செபம் சொல்லி முடிச்சு, போதகரம்மா கொப்பியைத் திறந்து வைச்சுக்கொண்டு கேட்டா: "மிஸ்டர் லிங்கம், மலர் குசினியிலதானே இருந்தவ?"

"இல்லை," எண்டன். "இந்த அறையில."

"நான் கேக்கிறது உயிர் போகேக்க. அப்ப குசினியில இருந்து, பிறகு நீங்கள் இஞ்ச கொண்டுவந்து கிடத்தினீங்களோ?"

"இல்லை போதகரம்மா. மூண்டு பத்துக்கு உருட்டிக்கொண்டு வந்தனான். அப்ப உயிர் இருந்தது. பிளம் கொப்பைப் பற்றிக் கதைச்சவ."

அப்ப பிளோவர், சப்பாத்தைப் பாத்துக்கொண்டு, "நான் கண்டபோது அவ குசினியிலதான் இருந்தவ. எங்க வந்தும் சொல்லுவன்," எண்டார். அது செவ்வாய்க்கிழமை! செவ்வாய் கண்டதுக்கு வியாழன் சாட்சி சொல்லுற மனுசன். வாத்தியாரா இருந்தவர் வேற. நான் திருத்தினன்.

போதகரம்மா பேனையை மூடிப்போட்டு என்ர கையைப் பிடிச்சவ. "லிங்கம், ஆறுதலா யோசிச்சுச் சொல்லுங்கோ. நீங்கள் சொல்லுறதைத்தான் நான் எழுதுவன். வேற ஒருத்தரையும் கேக்கமாட்டன்."

மூண்டாம் தரம். ஒரு கேள்வியை மூண்டு தரம் கேட்டால் என்ன அர்த்தம்? என்னை நம்பேல்லை எண்டுதானே? எனக்குக் கொஞ்சம் ரோசம் வந்திட்டுது. "யோசிக்க ஒண்டுமில்லை," எண்டன். "எல்லையில இருந்து நாலடி அங்கால. வேணுமெண்டால் நாடாவை எடுத்து அளந்து காட்டுறன்."

"வேண்டாம்," எண்டா. "அளக்க வேண்டாம்." அவவின்ர கண் கலங்கிப்போச்சு. களைப்பாக்கும். அண்டைக்கு அவவுக்கு வேற ஊரில ஒரு செத்தவீடும் இருந்தது.

அதால இப்ப ரவுண் சவக்காலை. நாலாயிரத்து எழுபத்திரெண்டு. செடி நடவும் விடாங்கள், பூக் கொண்டுபோய் வைக்கலாம். அவரைப் பூ அவவின்ர கொடியில ஆய்ஞ்சது. பாருங்கோ, சட்டம் பேசுற சனங்களோட இருபது வருசத்துக்கு மேல இருந்து கடைசியில இதுதான். ஒருத்தராவது ஒரு வழி காட்டினவையோ? ஒருத்தரும் இல்லை. மதில் மூலை இன்னும் சும்மாதான் கிடக்கு. அதுக்குப் பிறகு மூண்டு பேரைத் தாட்டாச்சு, அந்த இடத்தில இல்லை. பிளோவரைக் கேட்டன். அங்க வேர் ஓடியிருக்காம், தோண்ட ஏலாதாம். அந்த மூலையில மரமே இல்லை! வயசு போட்டுது மனுசனுக்கு.

மணியை ஒருக்கா அமத்துங்கோ பிள்ளை, உங்கட பக்கம்தான் இருக்கு. அடுத்தது என்ர தரிப்பு.

நான் புத்தக வேலையை விடேல்லை. போன கிழமைதான் இந்த வருசத்துப் பதிவை எடுத்தன். செத்தாக்களின்ர புத்தகம் இப்ப அச்சடிச்சு வாறது, ஒரு பக்கத்துக்கு எட்டுப் பெட்டி, நம்பரும் போட்டிருக்கும். மார்ச்சில ஒரு கிழவி, அறுநூற்றுப் பதின்மூண்டு. மேயில ஒரு கிழவன், அறுநூற்றுப் பதினைஞ்சு. நடுவில அறுநூற்றுப் பதினாலாவது பெட்டி வெறுமை. ஒரு எழுத்தில்லை. ஏப்ரலில ஊரில ஒருத்தரும் சாகேல்லை, நான் விசாரிச்சனான். போதகரம்மா பெட்டி மாறி எழுதியிருக்கிறா. கவலையீனம், வேற என்ன? முந்நூறு வருசப் புத்தகத்தில இப்பிடி ஒரு வெறும் இடம் நான் கண்டதில்லை. "காரணம் தெரியவில்லை" எண்டு குறிச்சு வைச்சிருக்கிறன்.

ஏன் பிள்ளை அப்பிடிப் பாக்கிறியள்?

சரி, நான் இறங்கிறன். ஞாயிற்றுக்கிழமை போதகரம்மாவைக் கண்டு சொல்லோணும், அடிமட்டம் வைச்சு அதில ஒரு கோடு அடிச்சுவிடச் சொல்லி. அப்பிடி வெறுமையா விட்டால், பிறகு ஆரும் வந்து அதுக்குள்ள ஒரு பேரை எழுதிப்போடுவினம்.